மழைக்காலத்தில் மலையேறிய நில அளவையர்

மழை விட்ட மறுநாட் காலையில் பினாங்குக் கொடிமலை மேல் நின்று வடக்கே நோக்கியவர்கள் ஒன்றைக் கண்டிருப்பர். நேற்றுவரை புகைபோல் மங்கிக் கிடந்த கெடா மாநிலத்து ஜெராய் மலை, அன்று தெளிந்த கோடுகளோடு அண்மையில் நிற்கும். காற்றிலுள்ள தூசியை மழை கழுவிவிடுகிறது. இந்தச் சிறு செய்திதான் ஒரு காலத்தில் தென்னாட்டு நில அளவையாளரைப் பருவமழையின் நடுவே மலை முகடுகளுக்கு ஏற்றியது. பலருடைய உயிரையும் அதுவே வாங்கியது.

வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரல் 10ஆம் நாள் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே, ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் ஏனைய பக்கங்களைக் கணக்கிட்டு விடலாம். அப்பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணத்தை அமைக்கலாம். வகுப்பறையில் நாம் கரும்பலகையில் வரையும் அதே கணக்குத்தான். ஆனால் அங்கே ஒரு பக்கம் 30 மைலும் இருக்கும், முனைகளோ மலையுச்சிகள். அரை டன் எடையுள்ள தியோடலைட்டுக் கருவியை ஆட்கள் அவ்வுச்சிகளுக்குச் சுமந்தே ஏற்றினர். மலையில்லாத காவிரி வெளியில் கோயில்களே மலையாயின. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அதை மேலேற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி வட்டம் நெளிந்தது. லாம்டன் ஆறு வாரம் உட்கார்ந்து தம் கையாலேயே அதைத் தட்டி நிமிர்த்தினார்!

30 மைலுக்கு அப்பால் உள்ள கொடியைப் பார்க்க வேண்டுமே! கோடையில் தூசியும் கானலும் அதை மறைத்துவிடும். ஆகவே மழைக்காலமே அளவைக் காலம் என்று லாம்டன் வகுத்துக்கொண்டார். முகில் விலகும் சில நாழிகைக்காக, நனைந்த கூடாரத்தில் நாட்கணக்கில் காத்திருப்பார்கள்.

1818இல் அவருக்கு உதவியாளராக வந்தவர் ஜார்ஜ் எவரெஸ்ட். மறு ஆண்டு மழைக்காலத்தில் கிருஷ்ணா, கோதாவரி ஆறுகளுக்கு இடைப்பட்ட காட்டு மலைகளுக்கு அவர் அனுப்பப்பட்டார். அப்போது அவருக்கு வயது 29. பெருகிய ஆறுகளைக் கடந்து, மரங்களை வெட்டிப் பார்வைக்கு வழி திறந்து, மலைக்கு மலை ஏறினர். அக்டோபரில் எல்லாபுரக் காட்டில் காய்ச்சல் பிடித்தது. எவரெஸ்ட் விழுந்தார், உடனிருந்த மருத்துவர் வாய்சியும் விழுந்தார், பணியாளரில் சுமார் 150 பேர் படுத்துவிட்டனர். ஐதராபாத்திலிருந்து பல்லக்கும் யானையும் அனுப்பி அவர்களை மீட்டார்கள். ஏறக்குறைய 15 பேர் இறந்தனர். சுமை தூக்கியும் கொடி பிடித்தும் மாண்ட இவர்களின் பெயர்களை வரலாற்று நூல்கள் சொல்வதில்லை.

அழுகிய இலைகளின் நச்சுக் காற்றே காரணம் என்று அந்நாளில் நம்பினர். மலேரியா என்றே இன்று கருதுகின்றனர். சிங்கோனாப் பட்டையிலிருந்து கொயினாவைப் பிரித்தெடுத்தது 1820இல், பாரிசில். அதே ஆண்டில் மீண்டும் அக்காட்டுக்குச் சென்ற எவரெஸ்ட் மீண்டும் நோயுற்று, உடல் தேற நன்னம்பிக்கை முனைக்குக் கப்பலேறினார்.

லாம்டனைக் கல்நெஞ்சர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருபதாண்டு அதே கூடாரத்தில் அவரும் நனைந்தார். 1823இல் ஹிங்கன்காட்டில், பணியிடையேதான் இறந்தார். எவரெஸ்ட்டோ சிடுசிடுப்புக்குப் பெயர்போனவர். ஆயினும் ஆட்களை மழைக்காலக் காட்டிலிருந்து விடுவித்தவர் அவரே. லாம்டனுக்குப் பின் பொறுப்பேற்றதும் வேலையை மழையற்ற மாதங்களுக்கு மாற்றினார். பகலில் ஞாயிற்றொளியைத் தொலைவுக்குத் திருப்பும் ஹீலியோட்ரோப்புக் கண்ணாடி, இரவில் விளக்கு. இரவுக் காற்றில் ஒளிக்கதிர் மிகுதியாக வளைவதால், பகலில் அடிவானத்துக்குக் கீழே மறைந்த இடமும் இரவில் மேலெழுந்து தெரியும். மழையால் மட்டுமே முடியும் என்று எண்ணியதை ஒரு விளக்கு செய்தது.

1897 ஆகஸ்டில், அந்தக் காய்ச்சல்காரர்கள் திரும்பி வந்த ஐதராபாத்தை ஒட்டிய செகந்திராபாத்தில், ரொனால்டு ராஸ் ஒரு கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். கொசுவின் குற்றம் அறியாமலே கொசுக்காலத்தை விட்டு விலகியிருந்த எவரெஸ்ட், 1866இலேயே காலமாகிவிட்டார்.