ஏழாவது அமர்வில் தாடை

தாடை வலிக்கிறது என்று ஐடா ரோல்ஃபிடம் போனவருக்கு முதல் நாளே தாடை வைத்தியம் நடக்காது. மூச்சு எங்கே தடைபடுகிறது என்று விலாவில்தான் முதலில் கை வைப்பார். அடுத்த முறை பாதம். பிறகு உடம்பின் பக்கவாட்டு, தொடையின் உட்புறம், அடிவயிறு, இடுப்பின் பின்பக்கம். தாடையின் முறை வருவது ஏழாவது அமர்வில்தான். வலிக்கிற இடத்தை விட்டு ஊரெல்லாம் சுற்றுகிறாரே என்று முதலில் தோன்றும். என்னைக் கேட்டால், அவருடைய பெரிய கண்டுபிடிப்பே அந்தச் சுற்றுவழிதான்.

ரோல்ஃப் மருத்துவர் அல்ல, வேதியியலாளர். 1896இல் நியூயார்க்கில் பிறந்தவர். 1920இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கினார். பெண்களுக்கு ஆய்வுக்கூடக் கதவு எளிதில் திறக்காத அந்தக் காலத்திலேயே ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்தவர். இளவயதில் குதிரை உதைத்து, மூச்சு இழுக்க முடியாமல் காய்ச்சலில் கிடந்தாராம். ஆஸ்டியோபதி வைத்தியர் ஒருவர் முதுகையும் விலாவையும் சரிசெய்த பிறகே மூச்சு சீரானது என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். பிறகு நியூயார்க்கை அடுத்த நயாக்கில் பியர் பெர்னார்டிடம் யோகாசனம் பயின்றார். உடம்பை நீட்டி, மூட்டுகளுக்கு இடையே இடம் உண்டாக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கே வேர்விட்டது.

1940 வாக்கில் தன் பிள்ளைகளுக்குப் பியானோ கற்றுத்தர ஆள் தேடினார். அவர் விரும்பிய ஆசிரியைக்கோ விழுந்து அடிபட்டதில் கை சரியில்லை, வாசிக்க முடியவில்லை. உங்கள் கையை நான் சரிசெய்தால் என் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவீர்களா என்று ரோல்ஃப் கேட்டார். யோகப் பயிற்சிகளில் தொடங்கி, சில அமர்வுகளில் அந்தக் கை மறுபடி பியானோவுக்குத் திரும்பியது. அவரைப் பார்த்து இன்னொருவர் வந்தார், அவரைப் பார்த்து மற்றொருவர். ஒரு முறை பிறந்தது இப்படித்தான்.

அந்த நாளில் தாடை வலி முழுக்கப் பல்லின் கணக்கில் இருந்தது. செயின்ட் லூயிஸைச் சேர்ந்த காது மூக்கு தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன் 1934இல் 11 நோயாளிகளை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். கடைவாய்ப் பற்கள் போனதால் தாடை மூட்டு பின்னுக்குத் தள்ளப்பட்டு அழுத்துகிறது என்றார். அந்த விளக்கம் பின்னர் நிற்கவில்லை. ஆனாலும் பல்லை ராவுவதும் கடிமட்டத்தை உயர்த்துவதும் பல காலம் நடந்தன. வலியின் பெரும்பங்கு தசையில் இருக்கிறது என்று 1969இல் வாய் அறுவை மருத்துவர் டேனியல் லாஸ்கின் அழுத்திச் சொன்னார். ரோல்ஃபின் கைகள் அதற்கு முன்பே அந்தத் தசைகளுக்குள் போய்விட்டன.

அவர் கண் வைத்தது ஃபேஷியா மேல். கறிக்கடையில் ஆட்டுத்தொடையின் மேல் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்குமே, கத்தி முனையால் உரித்தெடுப்பார்களே, அந்த ஜவ்வுதான். ஒவ்வொரு தசையையும் அது போர்த்தி, அடுத்த தசையோடு இணைக்கிறது. ஒரு பக்கம் இறுகினால் இழுப்பு தொலைவில் தெரியும், புவியீர்ப்போடு உடம்பு சண்டை போடாமல் நிற்க வேண்டும் என்பதே அவர் சித்தாந்தம். அதைப் பத்து அமர்வுகளாக ஒழுங்குபடுத்தினார். அறுபதுகளின் நடுவில், இதய நோயால் அவதிப்பட்ட உளவியல் சிகிச்சையாளர் ஃபிரிட்ஸ் பெர்ல்ஸுக்குச் சிகிச்சை தர கலிஃபோர்னியாவின் எசலன் பயிற்சி மையத்துக்குப் போனார். தன் முறைக்கு ரோல்ஃப் வைத்த பெயர் ‘ஸ்ட்ரக்சுரல் இன்டக்ரேஷன்’. எசலன்காரர்கள் வாயில் அது ‘ரோல்ஃபிங்’ ஆனது, அதுவே நிலைத்தது.

ஏழாவது அமர்வுக்கு வருவோம். கழுத்தின் இருபுறமும் தளர்த்திய பிறகு, கையுறை போட்ட ஒரு விரல் கன்னத்துக்கும் மேல் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே மெல்ல நுழையும். பல்வரிசை முடிகிற மூலைவரை போய் அங்கே நிற்கும். அழுத்தித் தேய்க்காது, காத்திருக்கும். வாயை நிதானமாகத் திறந்து மூடச் சொல்வார்கள். கன்னத்தில் வெளியிலிருந்து மற்றொரு விரல் வந்து சேர, மெல்லும் தசை இரண்டுக்கும் நடுவே பிடிபடும். வலிக்கும். சிலருக்கு வலி காதுக்குள்ளும் பொட்டிலும் தெறிக்கும். பாதமும் விலாவும் இடுப்பும் முன்பே இளகியிருந்தால்தான் தலை கழுத்தின் மேல் நேராக உட்காரும், அப்போதுதான் தளர்ந்த தாடை தளர்ந்தபடியே நிற்கும் என்பது ரோல்ஃபின் கணிப்பு.

இதில் எது சரி, எது தவறு என்று சொல்லிவிட வேண்டும். கையின் அழுத்தத்தில் ஃபேஷியா உருகி இளகுகிறது என்று அவர் நம்பினார். உள்ளங்கால், தொடை ஆகிய இடங்களின் கெட்டியான ஜவ்வை அப்படி மாற்ற மனிதக் கையின் விசை போதாது என்று 2008இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. ரோல்ஃபிங் பயிற்சியாளரான ராபர்ட் ஷ்லைப் 2003லேயே வேறு விளக்கம் வைத்தார்: ஜவ்வில் உள்ள நரம்பு முனைகள் அழுத்தத்தை உணர்கின்றன, நரம்பு மண்டலம் தசையைத் தளர்த்துகிறது. தாடைக்கும் உடம்புக்கும் தொடர்பு உண்டு என்ற அடிப்படை மட்டும் அசையவில்லை. தாடையின் அடித்தசைகள் மார்பெலும்பையும் தோள்பட்டை எலும்பையும் எட்டுகின்றன. முகத்தின் உணர்வு நரம்பும் மேல்கழுத்து நரம்புகளும் தண்டுவடத்தின் உச்சியில் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. 2023 டிசம்பரில் வெளியான பி.எம்.ஜே. மருத்துவ இதழின் வழிகாட்டுதல், நாள்பட்ட தாடை வலிக்கு உறுதியாகப் பரிந்துரைத்தவற்றில் தாடைத் தசைகளைக் கையால் தளர்த்துவதும், உடல் நிலையைத் திருத்தும் பயிற்சியும், மன அழுத்தத்தைக் கையாளும் உளவியல் சிகிச்சையும் உண்டு. தாடையை மீட்க முடியாதபடி மாற்றும் பல் தகடுகள் வேண்டாம் என்றது.

ரோல்ஃப் 1979இல் மறைந்தார். அவர் பெயரிலான பயிற்சி நிறுவனம் கொலராடோவின் போல்டரில் இன்றும் நடக்கிறது.

இதைப் படிக்கும்போது உங்கள் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டிக்கொண்டிருந்தால் விலக்குங்கள். சும்மா இருக்கும் வாயில் பற்கள் தொடக் கூடாது. வாய் மூன்று விரல் அகலம் திறக்கவில்லை, பூட்டிக்கொள்கிறது, முகம் வீங்கியிருக்கிறது என்றால் எந்தக் கைவைத்தியமும் அப்புறம். முதலில் பல் மருத்துவரிடம் போங்கள்.