உச்சி சாய்ந்த ஞாயிறு: முகம்மது அலியும் காலம் எழுப்பிய வினாவும்

வீரம் ஓங்குவதைப் பாடுவது எளிது. வீரம் தளர்வதைப் பாடுவது அரிது. தமிழ்ப் புறப்பாடல் மரபு இரண்டையும் செய்தது. கோலூன்றிய முதுமையில் நின்று, கழிந்துபோன இளமையை எண்ணி இரங்கிய தொடித்தலை விழுத்தண்டினாரின் பாடல் புறநானூற்றில் 243ஆவதாக நிற்கிறது. அப்புலவருக்கு ஒரு தெளிவு வாய்த்திருந்தது. தம் இளமை போயிற்று என்பதை அவரே அறிந்திருந்தார். பிறர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை அவருக்கு நேரவில்லை.

குத்துச்சண்டைக் களத்தில் அத்தெளிவு எளிதில் வாய்ப்பதில்லை. மிகு எடைப் பிரிவில் உலக வாகை சூடிய ஒருவர் தம் உச்சத்தைக் கடந்துவிட்டாரா என்ற வினா ஒவ்வொரு தலைமுறையிலும் எழுவதுண்டு. முகம்மது அலியைப் பற்றி எழுந்தபோது அவ்வினா பத்தாண்டுகளுக்கு மேல் நீடித்தது. அதற்கு ஒருமுறை தவறான விடை சொல்லப்பட்டது. அத்தவறே பின்னர் வந்த சரியான விடையை யாரும் நம்பாமல் செய்தது. அலியின் பிற்கால வரலாற்றின் திறவுகோல் இதுவே எனலாம்.

பறிபோன மூன்றரை ஆண்டுகள்

1942 சனவரி 17ஆம் நாள் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் காசியஸ் கிளே என்ற பெயருடன் பிறந்தவர் அலி. 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். 1964 பிப்ரவரி 25 அன்று சன்னி லிஸ்டனை வீழ்த்தி, 22ஆம் வயதில் உலக வாகை சூடினார். எந்தச் சுற்றில் எதிரி வீழ்வான் என்பதை எதுகை நயத்துடன் முன்கூட்டிச் சொல்வது அவர் வழக்கம். கவிதையைக் களத்துக்குக் கொண்டுவந்த வீரர் என்று அவரைச் சொன்னால் மிகையாகாது.

அவருடைய ஆற்றல் கையைவிடக் காலில் இருந்தது. காவலாகக் கைகளை முகத்துக்கு நேரே உயர்த்துவது குத்துச்சண்டையின் பாலபாடம். அலி கைகளைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, வரும் குத்துக்குத் தலையைப் பின்வாங்கித் தப்பினார். இது இலக்கணப் பிழை; ஆயினும் விரைவு இருந்தவரை அப்பிழையே அவருக்கு அணியாயிற்று. 1966 நவம்பரில் கிளீவ்லாந்து வில்லியம்சை மூன்றே சுற்றில் அவர் வென்ற போட்டியை அவருடைய உச்சம் எனப் பலரும் கருதுவர்.

1967 ஏப்ரல் 28 அன்று ஹியூஸ்டன் நகரில், வியட்நாம் போருக்கான படையில் சேர அலி மறுத்தார். பட்டம் பறிக்கப்பட்டது, போட்டியிடும் உரிமமும் மறுக்கப்பட்டது. 1970 அக்டோபர் 26 அன்று அட்லாண்டாவில் அவர் மீண்டும் களமிறங்கும் வரை மூன்றரை ஆண்டுகள் கழிந்தன. 1971 சூன் மாதத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்மீதான தண்டனையை நீக்கியது. தண்டனையை நீக்க நீதிமன்றத்தால் முடிந்தது. 25 வயது முதல் 28 வயது வரையிலான பருவத்தைத் திருப்பித் தர எந்த மன்றத்தாலும் முடியவில்லை. அலியின் உச்சம் எத்தகையது என்பதை உலகம் முழுமையாகப் பார்க்கவே இல்லை என்பதும் ஈண்டு நினையத்தக்கது.

கின்ஷாசா தந்த மயக்கம்

திரும்பி வந்த அலி வேறொருவராக இருந்தார். கால்கள் முன்போல் ஆடவில்லை. 1971 மார்ச் 8 அன்று ஜோ பிரேசியரிடம் முதல் தோல்வி; பதினைந்தாம் சுற்றில் அவர் தரையில் வீழ்த்தவும்பட்டார். 1973 மார்ச்சில் கென் நார்ட்டனிடம் இரண்டாம் தோல்வி, தாடையும் முறிந்தது. அவர் காலம் முடிந்தது என்று அப்போதே பலர் எழுதினர்.

1974 அக்டோபர் 30 அன்று சயீர் நாட்டின் கின்ஷாசா நகரில் ஜார்ஜ் போர்மனை அலி எதிர்கொண்டார். அலிக்கு வயது 32, போர்மனுக்கு 25. அதுவரை 40 போட்டிகளில் தோல்வியே காணாதவர் போர்மன். அலியை வென்ற பிரேசியரையும் நார்ட்டனையும் அவர் தலா இரண்டே சுற்றில் வீழ்த்தியிருந்தார். அலி உயிரோடு திரும்பினால் போதும் என அஞ்சியோரும் இருந்தனர்.

அலி அன்று ஓடவில்லை, ஆடவுமில்லை. களத்தின் கயிற்றில் சாய்ந்து நின்று, போர்மனின் குத்துகளைக் கைகளிலும் உடலிலும் வாங்கிக்கொண்டார். குத்திக் குத்திக் களைத்த போர்மன் எட்டாம் சுற்றில் வீழ்ந்தார். உலகம் வியந்தது. அலியின் காலம் முடிந்தது என்றோர் நாணினர்.

அவ்வெற்றி எதை மெய்ப்பித்தது என்பதில்தான் பிழை நேர்ந்தது. அலியின் இளமை திரும்பியது என்று உலகம் படித்தது. உண்மையில் அவ்வெற்றி இளமை போய்விட்டதற்கான சான்று. அடிபடாமல் வென்றவர், இப்போது அடிபட்டு வென்றார். கால்கள் செய்த பணியை உடலின் பொறுமை ஏற்றுக்கொண்டது. விரைவுக்கு விலையில்லை, பொறுமைக்கு விலை உண்டு. அவ்விலை பின்னர் தண்டப்பட்டது.

உடல் உரைத்த சான்றுகள்

1975 அக்டோபர் 1 அன்று மணிலாவில் பிரேசியருடன் நடந்த மூன்றாம் போட்டி பதினான்கு சுற்று நீடித்தது. பிரேசியரின் பயிற்சியாளர் எடி பச் போட்டியை நிறுத்தியதால் அலி வென்றார். ஆனால் இருவருமே அக்களத்தில் தம் வாழ்நாளின் ஒரு பகுதியை விட்டு வந்தனர் எனலாம். 1976இல் ஜிம்மி யங்குடனும் நார்ட்டனுடனும் நடந்த போட்டிகளில் நடுவர்கள் அலிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தனர். பார்த்தோர் பலர் அதை ஏற்கவில்லை.

1977 செப்டம்பரில் கடுங்குத்துக்குப் பெயர்பெற்ற எர்னி ஷேவர்சுடன் பதினைந்து சுற்றுகள் போராடி அலி வென்றார். அவருடைய மருத்துவர் பெர்டி பச்சேகோ, சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் ஆய்வறிக்கையை உரியவர்களுக்கு அனுப்பினார். மறுமொழி வராததால் அணியிலிருந்து விலகினார். போட்டி நடந்த மாடிசன் சதுக்கத் தோட்ட அரங்கில் போட்டிகளை அமைப்பவரான டெடி பிரென்னர், அலிக்கு இனி அங்கே போட்டி ஏற்பாடு செய்யப்போவதில்லை என அறிவித்தார். வருவாயை இழந்து உண்மையைச் சொன்ன இருவர் இவர்கள்.

1978 பிப்ரவரியில், தொழில்முறைக் களத்தில் ஏழே போட்டிகள் கண்டிருந்த லியோன் ஸ்பிங்க்சிடம் அலி பட்டத்தை இழந்தார். செப்டம்பரில் அவரையே வென்று, மூன்றாம் முறையாக வாகை சூடினார். அப்பிரிவில் மும்முறை வாகை சூடிய முதல்வர் அவரே. 1979இல் ஓய்வை அறிவித்தார். வரலாறு அங்கேயே நின்றிருந்தால் நிறைவாக இருந்திருக்கும்.

சென்னையும் லாஸ் வேகாசும்

1980ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அலி இந்தியா வந்தார். சென்னை நேரு விளையாட்டரங்கில் பழைய தோழர் ஜிம்மி எல்லிசுடன் காட்சிப் போட்டியில் கலந்துகொண்டார். மக்கள் திரண்டு வந்து ஆரவாரித்தனர். அவ்வாரவாரத்தில் அன்பு மட்டுமே இருந்தது. ஆனால் உலகெங்கும் சென்ற இடமெல்லாம் அதே ஒலியைக் கேட்கும் ஒருவருக்குத் தம் மூச்சின் இளைப்பு எவ்வாறு கேட்கும்?

அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று லாஸ் வேகாசில் லாரி ஹோம்சை எதிர்த்து அலி களமிறங்கினார். பேசப்பட்ட ஊதியம் 80 இலட்சம் டாலர். முன்னதாக மேயோ மருத்துவ நிலையத்தில் சோதனை நடந்தது. பேச்சிலும் உடல் ஒருங்கிசைவிலும் சிறு தடுமாற்றங்களை அவ்வறிக்கை குறித்தது. ஆயினும் உரிமம் வழங்கப்பட்டது. அலி கடுமையாக எடை குறைத்திருந்தார். தைராய்டு மருந்தும் உட்கொண்டிருந்தார். தராசில் நின்றபோது ஏறத்தாழ 98 கிலோ, கின்ஷாசாவில் இருந்த அதே எடை. இடை மெலிந்தது, தலைமயிரில் நரை தெரியவில்லை. கண்டவர், பழைய அலி திரும்பினார் என்றே மகிழ்ந்தனர். இடைப்பட்ட ஆறு ஆண்டுகளைத் தராசு காட்டவில்லை.

களம் காட்டியது. ஹோம்ஸ் முன்னாளில் அலியின் பயிற்சித் துணைவர், அலியை நேசித்தவர். பத்துச் சுற்றுகளையும் மூன்று நடுவர்களும் ஹோம்சுக்கே தந்தனர். பத்தாம் சுற்றின் முடிவில் பயிற்சியாளர் ஏஞ்சலோ டன்டி போட்டியை நிறுத்தினார். வென்ற ஹோம்ஸ் கண்ணீர் விட்டார். 1951இல், வரிக்கடனால் களம் திரும்பிய 37 வயது ஜோ லூயிசை வீழ்த்திய ராக்கி மார்சியானோவும் அவ்வாறே அழுதார் என்பர். குத்துச்சண்டை வரலாற்றில் ஒரே காட்சி இருமுறை நிகழ்ந்தது.

அலி அதன்பின்னும் நிற்கவில்லை. 1981 டிசம்பரில் பகாமாசில் டிரெவர் பெர்பிக்கிடம் தோற்ற பின்னரே விலகினார். 61 போட்டிகள்; 56 வெற்றி; 5 தோல்வி. அத்தோல்விகளுள் மூன்று 36 வயதுக்குப் பின் நேர்ந்தவை. 1984இல் அவருக்குப் பார்க்கின்சன் நோய்க்குறிகள் இருப்பது அறியப்பட்டது.

யார் சொல்வது?

முதுமையே தோல்வி என்று முடிவு கட்டுவதும் பொருந்தாது. கின்ஷாசாவில் வீழ்ந்த போர்மன், பத்தாண்டு விலகியிருந்து திரும்பி, 1994 நவம்பரில் 45ஆம் வயதில் மைக்கேல் மூரரை வீழ்த்தி மீண்டும் வாகை சூடினார். அவர் தம்மை இளைஞராகக் கருதிக்கொள்ளவில்லை. மெல்ல நடந்து, ஒற்றைக் குத்துக்காகக் காத்திருந்து, முதியவராகவே போரிட்டார். மாறாக மார்சியானோ, 49 போட்டிகளில் தோல்வியின்றி, 1956இல் 32 வயதில் விலகினார். ஆகவே வயது விடையாகாது. தம் உடலைத் தாமே படிக்கும் நேர்மையே விடை.

அந்நேர்மை வீரருக்குக் குறையும்போது, சுற்றியிருப்போர் அதை ஈடுசெய்ய வேண்டும். அலியைச் சுற்றி அரங்கமைப்போர் இருந்தனர். உரிமம் தருவோர் இருந்தனர். புகழ்வோர் எண்ணற்றோர் இருந்தனர். உண்மை சொன்னவர் சிலர். கேட்டவர் அவரினும் சிலர். புகழ்ச்சொல்லைத் தொழிலாகக் கொண்ட கவிஞர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. வாழ்த்துவது ஒரு கடமை. வாயுறை வாழ்த்தும் மற்றொரு கடமை.

1996 சூலையில் அட்லாண்டா ஒலிம்பிக் தொடக்க விழாவில் அலி நடுங்கும் கையால் சுடரேற்றினார். 2016 சூன் 3 அன்று 74ஆம் வயதில் மறைந்தார். உலகம் அந்நடுக்கத்தைக் கண்டு கண் கலங்கியது. 1977இல் பச்சேகோவின் அறிக்கையைக் கண்டு ஒருவரேனும் கலங்கியிருந்தால், அக்கை ஒருவேளை நடுங்காமலே சுடர் ஏற்றியிருக்கலாம்.