உல்சான் முதல் அலபாமா வரை – 14: வி6-க்கு விடைகொடுத்த சொனாட்டா

சென்ற வாரம் 2010 நியூயார்க் ஆட்டோ ஷோவின் வாசலில் கதையை நிறுத்தியிருந்தேன். ஹூண்டாய் தன் சொனாட்டாவின் உச்ச மாடலை அங்கே கொண்டுவருகிறது. பானெட்டுக்கு அடியில் எந்த இன்ஜின் என்பதுதான் கேள்வி.

பதில் பலருக்கும் ஏமாற்றமாக இருந்தது. வெறும் 1,998 சிசி. நான்கே சிலிண்டர். ஆனால் அடுத்து வந்த எண்ணைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்: 274 குதிரைத்திறன்!

அன்றைய அமெரிக்கச் சந்தையைத் தெரிந்துகொண்டால்தான் இந்த எண்ணின் கனம் புரியும். மிட்சைஸ் செடான் என்பது அங்கே நடுத்தரக் குடும்பத்தின் கார். விலை குறைந்த மாடலில் நான்கு சிலிண்டர் இருக்கும். கொஞ்சம் வேகம் வேண்டும், கௌரவம் வேண்டும் என்பவர்கள் கூடுதலாகப் பணம் கட்டி ஆறு சிலிண்டர் வி6 வாங்குவார்கள். ஹோண்டா அக்கார்டு வி6, 3.5 லிட்டரில் 271 குதிரைத்திறன். டொயோட்டா கேம்ரி வி6, அதே 3.5 லிட்டரில் 268. ஹூண்டாயின் முந்தைய சொனாட்டாவிலேயே 3.3 லிட்டர் வி6 இருந்தது. அதன் சக்தி 249. இப்போது இரண்டு சிலிண்டரைக் கழற்றிவிட்டு, ஒன்றரை லிட்டர் குறைவான இன்ஜினை வைத்துக்கொண்டு, அக்கார்டைவிட மூன்று குதிரை அதிகம் என்கிறார்கள் கொரியர்கள்.

இதைவிடத் துணிச்சலான காரியம் ஒன்று அந்தக் காரின் மூக்குப் பகுதியில் இருந்தது. இன்ஜின் அறையை நான்கு சிலிண்டருக்கு மட்டும் என்றே வடிவமைத்திருந்தார்கள். எடை குறைந்தது, உண்மைதான். ஆனால், டர்போ மக்களுக்குப் பிடிக்காமல் போனால் அடுத்த ஆண்டு வி6-ஐப் பொருத்திச் சமாளிக்கலாம் என்ற வழியையும் தங்கள் கையாலேயே அடைத்துவிட்டார்கள்.

ஏன் இவ்வளவு அவசரம்? 2008 ஜூனில் அமெரிக்காவில் பெட்ரோல் ஒரு கேலன் 4 டாலரைத் தாண்டியது நினைவிருக்கும். நியூயார்க்கில் ஷோ நடந்துகொண்டிருந்த அதே வாரம், 2010 ஏப்ரல் 1-ம் தேதி, புதிய எரிபொருள் சிக்கன விதிகளை அமெரிக்க அரசு இறுதி செய்தது. 2016-ம் ஆண்டு மாடல்களுக்குள் சராசரியாக கேலனுக்கு 35.5 மைல் என்பது இலக்கு. காற்று எந்தப் பக்கம் அடிக்கப்போகிறது என்பதை ஹூண்டாய் முன்கூட்டியே கணித்திருந்தது.

கணக்கு சரி. கார்ப் பிரியர்கள் ஏற்பார்களா?

மாட்டோம் என்றவர்களின் குரல்தான் முதலில் உரக்கக் கேட்டது. அவர்களுடைய சந்தேகங்களை அலட்சியமாக ஒதுக்க முடியாது. டர்போ என்றால் ஆக்சிலரேட்டரை மிதித்த பிறகு ஒரு நொடி காத்திருக்க வேண்டும்; அந்த ‘டர்போ லேக்’ குடும்பக் காருக்குச் சரிவருமா என்பது ஒன்று. டர்போ இன்ஜினுக்கு விலை உயர்ந்த பிரீமியம் பெட்ரோல் ஊற்ற வேண்டிவரும், மிச்சம் பிடிப்பது எங்கே என்பது மற்றொன்று. மூன்றாவதுதான் ஆழமானது: இவ்வளவு சின்ன இன்ஜினை இவ்வளவு கசக்கிப் பிழிந்தால் அது எத்தனை வருடம் உழைக்கும்? அதுவும் ஒரு ஹூண்டாய்!

அந்த ‘அதுவும்’ என்ற சொல்லுக்குப் பின்னால் கால் நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. 1986-ல் 4,995 டாலருக்கு எக்செல் காரை இறக்கி, முதல் ஆண்டிலேயே 1,68,000-க்கு மேல் விற்றதையும், பிறகு அந்தக் கார்கள் பழுதாகிப் பழுதாகி ஹூண்டாயின் பெயரே கேலிப்பொருள் ஆனதையும் நான்காம், ஐந்தாம் வாரங்களில் பார்த்தோம். அந்தக் கறையைத் துடைக்கத்தான் பத்து ஆண்டு, ஒரு லட்சம் மைல் வாரன்ட்டி வந்தது. ஆனாலும் ஜப்பானியக் காரை ஓட்டிப் பழகியவர்களின் மனதின் ஓரத்தில் எக்செல் நின்றுகொண்டே இருந்தது.

டர்போ ஹூண்டாய்க்குப் புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1991-ல் வெளியான ஆல்ஃபா, கொரியா தானே வடிவமைத்த முதல் கார் இன்ஜின். அதன் 1.5 லிட்டரில் டர்போவைப் பொருத்தி, 115 குதிரைத்திறனோடு ஸ்கூப் என்ற சின்னக் காரை விற்றார்கள். மிட்சுபிஷியின் இன்ஜின்களுக்கு ராயல்டி கட்டிக்கொண்டிருந்த நிறுவனம் அன்று அதைச் சாதித்ததே பெரிது. ஆனால் ஸ்கூப், ஆசைக்கு வாங்கும் கார். சொனாட்டா, குழந்தைகளைப் பின்சீட்டில் உட்காரவைத்து ஓட்டும் கார். பந்தயத்தொகை வேறு.

இந்த இடத்தில் இன்ஜினுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம். லேக் பயத்துக்கு ஹூண்டாயின் பொறியாளர்கள் கொடுத்த விடை அங்கேதான் இருக்கிறது.

டர்போவைச் சுழற்றுவது இன்ஜின் வெளியேற்றும் புகை. நான்கு சிலிண்டர்களும் ஒன்றன்பின் ஒன்றாக, 1-3-4-2 என்ற வரிசையில் எரிகின்றன. எல்லாப் புகையையும் ஒரே குழாயில் விட்டால், ஒரு சிலிண்டரின் புகை பாயும்போது அடுத்த சிலிண்டரின் புகை குறுக்கே வந்து மோதும். டர்போவின் விசிறிக்குப் போய்ச்சேரும் உந்துதல் குறைந்துவிடும். ‘ட்வின் ஸ்க்ரோல்’ டர்போவில் வழி இரண்டாகப் பிரிகிறது. ஒன்றாம், நான்காம் சிலிண்டர்களுக்கு ஒரு வாய்க்கால். இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களுக்கு இன்னொன்று. ஒரே வாய்க்காலில் அடுத்தடுத்துப் பாயும் இரண்டு புகைகளுக்கு இடையே போதிய இடைவெளி கிடைக்கிறது. ஒவ்வொரு துடிப்பும் சிதறாமல் விசிறியில் அடிக்க, இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போதே டர்போ விழித்துக்கொள்கிறது. இதோடு, பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் ‘ஜிடிஐ’ முறையும் சேர்ந்தது. பெட்ரோல் உள்ளேயே ஆவியாவதால் சிலிண்டர் குளிர்கிறது. அதனால் டர்போ இன்ஜினாக இருந்தும் அழுத்த விகிதத்தை 9.5 வரை வைக்க முடிந்தது. சாதாரண பெட்ரோலே போதும் என்றும் சொல்ல முடிந்தது.

விளைவு? 365 நியூட்டன் மீட்டர் டார்க், 1,750 ஆர்பிஎம்மிலேயே முழுதாகக் கிடைத்தது. 4,500 வரை அப்படியே நின்றது. அக்கார்டு வி6-ல் 344 நியூட்டன் மீட்டர்தான். அதுவும் 5,000 ஆர்பிஎம்முக்கு ஏறினால்தான் முழுதாக வரும். ஊருக்குள் ஓட்டும்போதோ நெடுஞ்சாலையில் லாரியை முந்தும்போதோ யார் 5,000-க்குப் போகிறார்கள்? காகிதத்தில் மூன்று குதிரை வித்தியாசம் என்று தெரிந்தது, சாலையில் வேறு கதையாக மாறியது.

ஓட்டிப் பார்த்தவர்களின் பேச்சு மாறத் தொடங்கியது. இழுவையைப் பற்றிப் புகார் சொன்னவர்கள் குறைவு. நெடுஞ்சாலையில் கேலனுக்கு 33 மைல் என்ற அரசுக் கணக்கும், 25 ஆயிரம் டாலருக்குள் தொடங்கிய விலையும் வாயை அடைத்தன. ஹெட்லைட்டிலிருந்து புறப்பட்டு பானெட்டின் ஓரமாகவே ஓடி ஜன்னல் விளிம்பைத் தொடும் அந்த குரோம் பட்டையை ரசித்தவர்கள் உண்டு. அதிகப்படி என்றவர்களும் உண்டு. கொரியாவிலேயே பூச்சியின் முகம் என்று கிண்டல் செய்தார்கள். எனக்கு அந்தக் கோடு பிடிக்கும். கேம்ரியும் அக்கார்டும் யார் கண்ணையும் உறுத்தாமல் இருந்தால் போதும் என்று நினைத்த காலத்தில், பார்க்கச் சொல்லிக் கேட்ட குடும்பக் கார் அது.

குறைகளையும் பிரியர்கள் மறைக்கவில்லை. முன்சக்கர இழுவைக் காரில் இவ்வளவு டார்க்கைத் திடீரென்று அவிழ்த்துவிட்டால் ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுக்கும், சொனாட்டாவும் இழுத்தது. எலெக்ட்ரிக் ஸ்டியரிங் கைக்கு எதையும் சொல்லவில்லை, சாலை எப்படியிருக்கிறது என்றே தெரியவில்லை என்றார்கள். எல்லாவற்றிலும் பெரிய மனக்குறை கியர்பாக்ஸ். 2.4 லிட்டரின் ஆரம்ப மாடலில் ஆறு கியர் மேனுவல் உண்டு. டர்போவிலோ ஆட்டோமேட்டிக் மட்டும்தான். யாருக்கு மேனுவல் ஆசை இருக்கிறதோ அவர்களுக்கு அதை மறுத்துவிட்டு, ஆசையில்லாதவர்களுக்குக் கொடுத்த கணக்கு எனக்கும் பிடிபடவில்லை. விற்பனை எண்ணிக்கையைப் பார்த்தால் ஹூண்டாய் செய்தது நியாயம்தான்; ஆனால் அந்த இன்ஜின் மேனுவலுக்கு ஏங்கிய இன்ஜின். இந்தக் குறைகளால் மனம் ஒட்டாதவர்களில் பலர், அதே இன்ஜினோடு வந்த கியா ஆப்டிமா பக்கம் சாய்ந்தார்கள். ஆடி டிடி-யை வரைந்த பீட்டர் ஷ்ரையரின் கைவண்ணம் அது.

கொரியாவுக்கு இந்த டர்போ சொனாட்டா 2011 ஜூலையில்தான் போய்ச் சேர்ந்தது. அங்கே வாதம் வேறு. அன்று 2,000 சிசியைத் தாண்டினால் காருக்கு வரி கூடியது; 1,998 சிசியில் வி6-இன் சக்தி என்பது கொரியக் குடும்பத்துக்குப் பெரிய ஆதாயம். (இந்தியாவுக்கு 2012-ல் வந்த இதே சொனாட்டாவில் 2.4 லிட்டர் இன்ஜின் மட்டுமே இருந்தது. டர்போவை நாம் பார்க்கவேயில்லை.) ஆனால் கொரியக் கார்ப் பிரியர்களின் நெஞ்சில் வேறொரு முள் இருந்தது. அமெரிக்காவுக்கு அனுப்பும் காரில் நல்ல இரும்பு, எங்களுக்கு மட்டம். இதுதான் அந்தக் குற்றச்சாட்டு. வருடா வருடம் அது வளர்ந்ததே தவிரத் தேயவில்லை.

இதற்கிடையே போட்டியாளர்கள் அசைந்தார்கள். 2013 மாடலில் ஃபோர்டு ஃப்யூஷனும் செவ்ரோலே மாலிபுவும் வி6-ஐக் கைவிட்டு டர்போவுக்கு மாறின. நெடுநாள் வி6-ஐ விடாதிருந்த அக்கார்டே 2018-ல் விட்டது. கேலிக்கு ஆளான நிறுவனம் போட்ட பாதையில் ஹோண்டா நடந்தது என்று இந்தத் தொடரில் எழுத முடிகிறதே, அது சாதாரண விஷயமில்லை.

2015 ஆகஸ்டு 22. கொரியாவின் இன்சியோன் நகரில், சோங்டோ. சொனாட்டாவின் முப்பதாம் ஆண்டு விழாவுக்குப் படம் காட்டுகிறோம் என்று வாடிக்கையாளர்களை ஹூண்டாய் அழைத்திருந்தது. வந்தவர்கள் கண்ணெதிரே நடந்தது வேறு. அடுத்த தலைமுறை சொனாட்டா, இரண்டு பக்கமும் 2.0 டர்போ. ஒன்று கொரியாவின் ஆசானில் செய்தது, மற்றது அமெரிக்காவின் அலபாமாவில் செய்தது. ஆளில்லாமல், ஒவ்வொன்றும் மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில், நேருக்கு நேர் மோதவிட்டார்கள்! இரண்டும் ஒரே மாதிரி நொறுங்கின. உள்ளே இருந்த பொம்மைகள் இரண்டு பக்கமும் தப்பின. இரும்பில் வித்தியாசமில்லை என்று ஊரறிய நிரூபித்தாயிற்று.

சரியாக அடுத்த மாதம் அலபாமாவிலிருந்து செய்தி வந்தது. அங்கே செய்த இன்ஜின்கள் பொருத்திய 2011, 2012 மாடல் சொனாட்டாக்கள், சுமார் 4,70,000 கார்கள், திரும்ப அழைக்கப்படுகின்றன. 2.4 லிட்டரும் உண்டு, நம் 2.0 டர்போவும் உண்டு. இன்ஜினிலிருந்து ‘டக் டக்’ என்று சத்தம். வேகம் கூடக் கூடச் சத்தமும் கூடும். கவனிக்காமல் ஓட்டினால் நெடுஞ்சாலையிலேயே இன்ஜின் சீஸ் ஆகி நின்றுவிடும்.

பிரியர்கள் ஐந்து வருடம் பயந்தது டர்போவைப் பார்த்து. குற்றவாளி அது இல்லை. கிராங்க் ஷாஃப்ட்டில் ஆயில் ஓடத் துளை போடும்போது சிதறிய இரும்புத் துகள், முழுதாக நீங்காமல் உள்ளேயே தங்கியிருந்தது. அது ஆயிலை மறித்தது. கனெக்டிங் ராடின் பேரிங் வறண்டு தேய்ந்தது. டர்போவே இல்லாத 2.4-லும் அதே கதி. அந்தத் துகளை நீக்கும் முறையை 2012-லேயே ஆலையில் மாற்றிவிட்டார்கள் என்பதும் இப்போதுதான் வெளியே தெரிந்தது.

இது அலபாமா ஆலையோடு முடிந்த பிரச்சினை என்றது ஹூண்டாய். கொரியாவில் ஒரு காரும் திரும்ப அழைக்கப்படவில்லை. சோங்டோவில் கைதட்டிவிட்டு வீடு திரும்பியவர்கள் மறுபடி கேட்கத் தொடங்கினார்கள்: எங்கள் இன்ஜினுக்குள் என்ன இருக்கிறது?

விடை தெரிந்த ஒருவர் ஹூண்டாய்க்கு உள்ளேயே இருந்தார். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அங்கே உழைத்த பொறியாளர். தரக்கட்டுப்பாட்டுப் பிரிவின் உள் அறிக்கை ஒன்று அவர் கைக்கு வந்திருந்தது. 2016 ஆகஸ்டில் அவர் சியோலிலிருந்து விமானம் ஏறினார். அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அதிகாரிகளைப் பார்க்க, வாஷிங்டனுக்கு. அந்த அறிக்கையில் இருந்தது அலபாமாவின் பெயர் மட்டும்தானா?

(அடுத்த வாரம்: வாஷிங்டன் போன பொறியாளர்)