என்ஜினைத் தாங்கும் ரப்பர்

என்ஜினின் எடையைச் சட்டகத்தின் மீது தாங்குவதும் அதன் அதிர்வு பயணிகளை எட்டாமல் தடுப்பதுமாகிய இரு வேலைகளையும் ஒருசேரச் செய்யும் உறுப்பை மோட்டார் பட்டறைகளில் ‘என்ஜின் மவுண்ட்’ என்பர். இரும்புத் தகடுகளுக்கு நடுவே ரப்பரைப் பிணைத்துச் செய்யப்படும் இவ்வுறுப்புக்குத் தொடக்ககால வாகனங்களில் இடமில்லை. அவற்றில் பெரும்பாலானவற்றின் என்ஜின் போல்ட்டுகளால் நேராகச் சட்டகத்தில் இறுக்கப்பட்டிருந்தது; மெலிந்த சட்டகத்துக்கு அது உறுதி சேர்த்ததாயினும், அதிர்வு முழுவதும் இருக்கைக்கும் ஸ்டீயரிங்குக்கும் வந்து சேர்ந்தது.

நான்கு சிலிண்டர் என்ஜினில் இரண்டு பிஸ்டன்கள் ஏறும்போது மற்ற இரண்டும் இறங்குவதால் அவற்றின் விசைகள் ஈடாகிவிடும் என்று தோன்றினும், மேல் முனையருகே பிஸ்டனின் வேகம் மாறும் வீதம் கீழ் முனையருகே உள்ளதைவிட மிகுதியாதலின், ஈடாகாத விசையொன்று எஞ்சி, கிராங்க் ஷாஃப்டின் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை என்ஜினை மேலும் கீழுமாக உலுக்குகிறது. எரிபொருள் வெடிக்குந்தோறும் என்ஜின் பக்கவாட்டில் முறுக்கிக்கொள்வதும் இதனோடு சேர்கிறது. ஆறு, எட்டு சிலிண்டர் வாகனங்களை வாங்க இயன்றவர்களுக்கு இத்தொல்லை குறைவு. மலிவான நான்கு சிலிண்டர் வாகனத்தை வாங்கியவர் அதிர்வையும் சேர்த்தே வாங்கினார்.

இந்நிலையை மாற்றியது, 1931ஆம் ஆண்டின் நடுவில் கிரைஸ்லர் நிறுவனம் வெளியிட்ட பிளைமவுத் பி.ஏ. என்னும் வாகனம். ‘ஃப்ளோட்டிங் பவர்’ என்று பெயர்பெற்ற அதன் அமைப்பில், முன் மவுண்ட் தண்ணீர் பம்புக்கு அடியில் உயரமாகவும், பின் மவுண்ட் கியர் பெட்டியின் பின்புறம் தாழ்வாகவும் வைக்கப்பட்டன. இரண்டையும் இணைக்கும் கோடு என்ஜினின் எடைமையத்தின் வழியே சென்றதால், என்ஜின் தன் இயல்பான அச்சிலேயே தொட்டில்போல் ஆடியது, அவ்வாட்டம் அளவு மீறாதபடி பக்கத்தில் ஒரு பட்டை வில் அதைப் பிடித்துக்கொண்டது. ரப்பர் பழைய பொருள். அதை எங்கே வைப்பது என்ற கணக்கே புதிது. பொருளாதார மந்தம் உச்சத்தில் இருந்த அந்நாளில், எட்டு சிலிண்டரின் மென்மையை நான்கு சிலிண்டரின் சிக்கனத்தில் தருவதாக விளம்பரப்படுத்தப்பட்ட பிளைமவுத், அமெரிக்க விற்பனையில் மூன்றாம் இடத்துக்கு உயர்ந்தது. அடுத்த ஆண்டே உரிமம் பெற்றுக்கொண்ட பிரான்சின் சிட்ரோயன் நிறுவனம், நீரில் மிதக்கும் அன்னத்தை இவ்வமைப்புக்குச் சின்னமாக வைத்தது.

அக்காலத்து ரப்பரின் பெரும்பகுதி மலாயா, இலங்கை, டச்சு கிழக்கிந்தியத் தீவுகள் ஆகியவற்றின் தோட்டங்களிலிருந்து வந்தது. மலாயாவில் விடியுமுன்னே எழுந்து, மரப்பட்டையைச் சரிவாகச் சீவி, வடியும் பாலைக் கோப்பையில் சேர்த்தவர்களுள் பெரும்பாலோர், கங்காணிகள் ஊர் ஊராகச் சென்று திரட்டிக்கொண்டுபோன தமிழர்கள். 1932இல் ரப்பர் விலை அடிமட்டத்தைத் தொட்டது. அம்மந்த ஆண்டுகளில் வேலையிழந்த பல்லாயிரம் தமிழர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். மலிவான வாகனத்தை மென்மையாக்கிய மலிவான ரப்பருக்கு இப்படியொரு மறுபக்கம் உண்டு. வாகன வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இதைச் சொல்லாமல் விடுவது பெருங்குறையே.

மவுண்டின் ரப்பரை மென்மையாக அமைத்தால் சிறு அதிர்வு அடங்கும், ஆனால் மேடுபள்ளத்தில் என்ஜின் துள்ளும். கடினமாக அமைத்தால் துள்ளல் நிற்கும், அதிர்வு உள்ளே வரும். இவ்விரண்டையும் சமாளிக்க 1970களின் இறுதியில் திரவ மவுண்ட் வழக்குக்கு வந்தது. அதனுள்ளே இரண்டு அறைகளைக் குறுகிய வழியொன்று இணைக்கிறது. பெரிய அசைவு வரும்போது திரவம் அவ்வழியே நெருக்கிப் புகுந்து வேகத்தை இழக்க, நுண்ணிய அதிர்வை மெல்லிய சவ்வு ஒன்று ஏற்றுக்கொள்கிறது. 1982 முதல் 1991 வரை உருவான போர்ஷே 944 என்னும் ஸ்போர்ட்ஸ் கார் இதற்குத் தக்க சான்று. அதன் என்ஜினின் கொள்ளளவான 2.5 லிட்டர் நான்கு சிலிண்டருக்கு மிகப் பெரிய அளவாதலின், எதிர்த்திசையில் சுழன்று அதிர்வை ஈடுசெய்யும் தண்டுகளை மிட்சுபிஷியின் உரிமம் பெற்றுப் பொருத்தியதோடு, திரவ மவுண்டுகளையும் போர்ஷே சேர்த்தது.

ஆண்டுகள் செல்ல, சூட்டில் ரப்பர் வெடித்துத் திரவம் கசிந்துவிட, மவுண்ட் அமுங்கிப்போகிறது. புகைக்குழாய்ப் பக்கத்து மவுண்டே பெரும்பாலும் முதலில் கெடும். வாகனம் நின்று என்ஜின் மட்டும் ஓடுகையில் ஸ்டீயரிங் நடுங்குவது அதன் அடையாளம். போர்ஷே 944 போன்ற பழைய வாகனங்களைப் பேணுவோர் பலர் மவுண்டை வீட்டுக் கொட்டகையிலேயே மாற்றிக்கொள்கின்றனர். பேட்டரி இணைப்பைக் கழற்றி, வாகனத்தை உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்தி, என்ஜினை மேலிருந்து குறுக்குச் சட்டத்தில் தொங்கவிட்டோ, அலுமினிய ஆயில் சம்ப் நசுங்காதபடி அகன்ற மரப்பலகை வைத்துக் கீழிருந்து ஜாக்கியால் தாங்கியோ, நட்டுகளைத் தளர்த்தியபின், ரப்பர் குழாய்களும் ஒயர்களும் இழுபடாமல் பார்த்துச் சிறுகச் சிறுக உயர்த்தினால் பழைய மவுண்ட் வெளிவரும். ஜாக்கியில் மட்டும் நிற்கும் வாகனத்தின் அடியில் எவரும் படுக்கலாகாது.

நெடுநாள் உழைக்கும் என்று கருதிக் கடினமான பாலியூரிதேன் மவுண்டை இடுவோரும் உளர். பந்தயக் களத்துக்கு அது பொருந்தும். சாலையில் ஓடும் வாகனத்திலோ, 1931இல் நீக்கப்பட்ட அதிர்வையே அது திரும்பக் கொண்டுவரும். ஒரு பக்கம் அமுங்கியிருந்தால் மறுபக்கத்து மவுண்டும் கூடுதல் சுமையில் தேய்ந்திருக்குமாதலால், இரண்டையும் ஒரே வேளையில், மூல அமைப்பை ஒத்த மவுண்டுகளாலேயே மாற்றுவது முறை.