கல்லுக்கு ஒரு மார்க்

சென்னைப் புறநகர் அஸ்தினாபுரத்தில் ஒருவருக்குக் கிட்னியில் கல் என்றால், பழி முதலில் போர் தண்ணீர் மேல் விழும். கல்லோ பெரும்பாலும் குடிக்காத தண்ணீரால்தான் பிறக்கிறது.

ராஜேந்திர பிரசாத் சாலையில் சித்திரை வெயிலில் ஆட்டோ ஓட்டும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நீரெல்லாம் வியர்வையாகப் போக, சிறுநீர் சுண்டுகிறது. கால்சியமும் ஆக்சலேட்டும் கரைந்திருக்க முடியாமல் படிகமாகின்றன. அவை பற்றிக்கொள்ளும் சுண்ணாம்புத் திட்டு சிறுநீரகத்துக்குள் இருப்பதை 1937-ல் விவரித்தவர் அலெக்சாண்டர் ராண்டால். திட்டின் மேல் மணல், மணல் மேல் படலம் என்று வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் வளரும் கல், ஒரு ராத்திரி விலாவில் குத்துகிறது.

சி.டி. ஸ்கேனில் அது முதன்முதலாக முகம் காட்டுகிறது: 25 மி.மீ. நீளம், 20 மி.மீ. அகலம். இந்த அளவுக்கு வளர்ந்தது தானாக இறங்காது. முதுகுப் பக்கம் ஒரு சென்டிமீட்டர் அளவில் துளையிட்டு, உள்ளேயே உடைத்து எடுப்பார்கள். இப்படித் துளை வழியே கல்லெடுக்கும் முறையை 1976-ல் வெளியிட்டவர்கள் ஸ்வீடனின் ஃபெர்ன்ஸ்ட்ரோமும் யோஹான்சனும்.

“எவ்வளவு பெரிசு?” என்று வீட்டார் கேட்பார்கள். எங்கே உட்கார்ந்திருக்கிறது என்றும் பார்ப்பார் மருத்துவர். 2011-ல் லண்டன் கைஸ் மருத்துவமனைக்காரர்கள் கல் நோயாளிகளை நான்கு படிகளாகப் பிரித்தார்கள். முதல் படியில், இந்தத் துளைச் சிகிச்சைக்குப் பின் 81 சதவீதம் பேருக்குக் கல் மிச்சமில்லை. கிளைவிட்டுப் பரவிய முழு மான்கொம்புக் கல் அடங்கும் நான்காம் படியில் 29 சதவீதம்தான்.

கல்லுக்கு ஐந்து கட்டங்களில் மார்க் போடும், 2013-ல் வந்த ‘ஸ்டோன்’ கணக்கை நம் ஆட்டோக்காரருக்குப் போட்டுப் பார்க்கலாம். பரப்பு 500 சதுர மி.மீ.: 2. தோலிலிருந்து தூரம் 90 மி.மீ.: 1. சிறுநீரக வீக்கம் லேசு: 1. கல் சிறுநீரகத்தின் ஒரே கிண்ணத்தில்: 1. அடர்த்தி 1,200 ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகு, 950-ஐத் தாண்டியதால்: 2. மொத்தம் 7. இந்தப் பரீட்சையில் குறைந்த மார்க்தான் நல்ல மார்க். எளிதானது 5, கடினமானது 13. இரண்டாவது துளையோ மறு சிகிச்சையோ வேண்டியிருக்கலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவைக்க இது உதவும். ஆனால் துண்டு தங்கியதா என்பதை மறு ஸ்கேன்தான் சொல்லும்.

கடைசியில் கல், சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் பழுப்புத் துணுக்குகளாக லேபுக்குப் போகிறது. “மறுபடி வருமா சார்?” என்கிறார் அவர். அந்த ஐந்து கட்டங்களில் இதற்கு இடமில்லை. தினமும் இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும்படி குடியுங்கள் என்கிறார் மருத்துவர். சவாரிக்கு நடுவே அதற்கு எங்கே இறங்குவது என்பது ஆட்டோக்காரரின் அடுத்த கேள்வி.