போர்க்கால லண்டன் குழந்தைகளும் ஆறுதல் சொற்களும்

இரண்டாம் உலகப் போரின்போது பெற்றோரைப் பிரிந்த பிரிட்டன் குழந்தைகளைத் தேற்றி உறங்க வைப்பது பெரும் சிக்கலாக இருந்தது. ஆறுதல் சொல் குழந்தைக்கு எப்போது உதவுகிறது, எப்போது உதவுவதில்லை என்பதை அக்கால அனுபவங்கள் காட்டின. பிற்காலக் குழந்தை மருத்துவமனை நடைமுறைகளிலும் அவற்றின் தாக்கம் உண்டு.

பின்னணி

1939 செப்டம்பர் 1 அன்று, போர் அறிவிக்கப்படுவதற்கு இரண்டு நாள் முன்பே, நகரக் குழந்தைகளை ஊர்ப்புறங்களுக்கு அனுப்பும் பணி தொடங்கியது. சில நாட்களில் ஏறத்தாழ 15 லட்சம் பேர் இடம்பெயர்ந்தனர். பள்ளிப் பிள்ளைகள் உடையில் கட்டிய பெயர்ச்சீட்டும் தோளில் நச்சுவாயு முகமூடிப் பெட்டியுமாக, பெரும்பாலும் பெற்றோர் இன்றியே, ரயில் ஏறினர். 1940 செப்டம்பர் 7 முதல் லண்டன்மீது தொடர்ந்து 57 இரவுகள் குண்டுகள் வீசப்பட்டன. நகரில் எஞ்சிய குடும்பங்கள் பல, சுரங்க ரயில் நிலைய நடைமேடைகளில் உறங்கின.

வானொலியில் இரவு வணக்கம்

பிபிசியின் சிறுவர் நிகழ்ச்சியை நடத்திய டெரெக் மெக்கல்லக், 'அங்கிள் மேக்' என்று அறியப்பட்டவர். எங்கெங்கோ இருக்கும் குழந்தைகள் அனைவருக்கும் இரவு வணக்கம் சொல்லி நிகழ்ச்சியை முடிப்பது அவர் வழக்கம். 1940 அக்டோபர் 13 அன்று, 14 வயது இளவரசி எலிசபெத் தம் முதல் வானொலி உரையை அந்நிகழ்ச்சியில் ஆற்றினார். வீட்டைப் பிரிந்த குழந்தைகளுக்கான அந்த உரையின் முடிவில், 10 வயதுத் தங்கை மார்கரெட்டும் இரவு வணக்கம் கூறினார்.

ஹாம்ஸ்டெட் காப்பகம்

சிக்மண்ட் பிராய்டின் மகளும் உளப்பகுப்பாய்வாளருமான அன்னா பிராய்ட், நாஜிகளிடமிருந்து தப்பி 1938இல் வியன்னாவிலிருந்து லண்டன் வந்தவர். அமெரிக்கரான டோரதி பர்லிங்ஹாமுடன் இணைந்து 1941இல் ஹாம்ஸ்டெட் பகுதியில் குழந்தைகள் காப்பகத்தைத் தொடங்கினார். அமெரிக்க நன்கொடையில் இயங்கிய அது 1945 வரை நடந்தது. தாய் அருகில் இருந்தால் சிறு குழந்தை குண்டுவீச்சின் அச்சத்தையும் ஓரளவு தாங்கிக்கொள்கிறது, தாய் பதறினால் தானும் பதறுகிறது, தாயைப் பிரிவதே அதற்குப் பெரிய அதிர்ச்சி என இருவரும் பதிவு செய்தனர்.

அவர்கள் விவரித்த ஒரு சிறுவனுக்கு மூன்று வயது சற்றே கடந்திருந்தது. அழாமல் நல்ல பிள்ளையாக இருந்தால்தான் அம்மா பார்க்க வருவாள் என்று அவனிடம் சொல்லப்பட்டிருந்தது. அவன் அழவில்லை. அம்மா வருவாள், மேலங்கி அணிவித்து வீட்டுக்கு அழைத்துப் போவாள் என்று தனக்கும் கேட்பவர்க்கும் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தான். நாளடைவில் ஜிப், தொப்பி என அந்தப் பட்டியல் நீண்டது. கேட்டுச் சலித்த ஒருவர் நிறுத்தச் சொன்னதும் குரல் நின்றது. உதடுகள் மட்டும் அசைந்தன. கைகள் இல்லாத மேலங்கியை அணிந்தன, இல்லாத தொப்பியைச் சரிசெய்தன. தேற்றுவதற்காகப் பெரியவர்கள் விதித்த நிபந்தனை, அவனிடமிருந்து அழுகையைப் பறித்திருந்தது.

பின்னர் காப்பகம் குழந்தைகளைச் சிறு 'குடும்பங்களாக'ப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தாய்போல ஒரு பணிப்பெண்ணை அமர்த்தியது. தொடக்கத்தில் பொறாமையும் அழுகையும் பெருகின. எனினும் குழந்தைகளின் பேச்சும் பழக்கங்களும் விரைவில் முன்னேறின.

தாக்கம்

காப்பகத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சன், மருத்துவமனையில் தனித்து விடப்பட்ட இரண்டு வயதுச் சிறுமியைப் பற்றி 1952இல் ஆவணப்படம் எடுத்தார். பெற்றோர் வந்து போனால் குழந்தைகள் அழுகின்றன என்று மருத்துவமனைகள் பார்வை நேரத்தைக் கடுமையாகக் குறைத்திருந்த காலம் அது. 1959இல் வெளியான பிளாட் அறிக்கை, பெற்றோர் தடையின்றி வந்து பார்க்கவும், சிறு குழந்தைகளுடன் தாய் இரவில் தங்கவும் இடமளிக்கப் பரிந்துரைத்தது. ஆறுதல் சொல்லை மட்டுமல்ல, அதைச் சொல்பவரையும் குழந்தையின் படுக்கையருகே கொண்டுவரும் முயற்சி அது.