வலிப்பு நோயும் அன்றாட வாழ்வும் (பெரம்பூர் வட்டாரம்)

வலிப்பு நோய் என்பது மூளையின் நரம்பணுக்களில் மின்னோட்டம் திடீரெனக் கட்டுமீறுவதால் வலிப்பு திரும்பத் திரும்ப வரும் நிலை. காக்காய் வலிப்பு, ஃபிட்ஸ் என்றும் சொல்வர். கைகால் இழுத்துக்கொள்வது மட்டுமன்றி, சில நொடிகள் பேச்சற்று வெறித்துப் பார்ப்பதும் வலிப்பாகலாம். உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டு. உரிய மருத்துவம் கிடைத்தால் அவர்களில் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பின்றி வாழலாம் என்கிறது உலக சுகாதார அமைப்பு.

காரணங்கள்
தலைக்காயம், பக்கவாதம், மூளைக்காய்ச்சல், மரபு ஆகியவை காரணமாகலாம். பலருக்குக் காரணம் புலப்படுவதில்லை. இந்தியாவில் பன்றி நாடாப்புழுவின் முட்டைகள் உடலுக்குள் சென்று மூளையில் கட்டியாவதும் முக்கியக் காரணம். கழுவாத கையும் காய்கறியும் அவற்றைப் பரப்புவதால் சைவ உணவினருக்கும் இது வரும்.

வேலை
பெரம்பூரின் வாழ்வு 1955இல் தொடங்கிய ரயில் பெட்டித் தொழிற்சாலையையும் லோகோ, கேரேஜ் பணிமனைகளையும் சார்ந்தது. தூக்கக் குறைவு வலிப்பைத் தூண்டும் என்பதால், இவற்றில் வேலை செய்யும் வலிப்பு நோயாளிகள் இரவு ஷிப்டைத் தவிர்ப்பது நல்லது. வலிப்பு கட்டுக்குள் வரும்வரை உயரத்தில் ஏறும் வேலை, காப்பில்லாத இயந்திரம், உலை, தனியே கடலுக்குப் போவது ஆகியவை ஆபத்தானவை. ஓட்டுநர் உரிமத்துக்கான படிவம் 1 வலிப்பு உண்டா என்று கேட்கிறது; உண்டெனில் உரிமம் மறுக்கப்படலாம். மருத்துவத் தகுதி குறைந்த ஊழியரை மாற்றுப் பணியில் அமர்த்தும் விதி ரயில்வேயில் உண்டு. நோயை மறைப்பதைவிட மேற்பார்வையாளரிடம் சொல்லி வேலையை மாற்றிக்கொள்வதே உயிரைக் காக்கும்.

மருத்துவம்
ரயில்வே குடும்பங்களுக்குப் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனை உள்ளது. மற்றவர்கள் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கோ சென்ட்ரல் ரயில் நிலையத்தின் எதிரிலுள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கோ செல்லலாம். மாத்திரையை ஒருவேளையும் விடக் கூடாது. திடீரென நிறுத்தினால் வலிப்பு ஓயாமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

முதலுதவி
வலிப்பு வந்தவர் கையில் சாவி, இரும்பு கொடுப்பதால் பயனில்லை. வாயில் எதையும் திணிக்கவோ தண்ணீர் ஊற்றவோ கூடாது. கூரான பொருள்களை அகற்றி, தலைக்கடியில் துணி வைத்து, இழுப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். வலிப்பு 5 நிமிடம் தாண்டினாலோ நினைவு திரும்புமுன் மறுபடி வந்தாலோ 108ஐ அழைக்க வேண்டும்.

திருமணம், மகப்பேறு
இந்து திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் வலிப்பு திருமணத்துக்குத் தடையாக எழுதப்பட்டிருந்தது. 1999ஆம் ஆண்டுத் திருத்தம் அதை நீக்கியது. ஆயினும் பெண் பார்க்கும்போது நோயை மறைப்பதும், பிறகு புகுந்த வீட்டில் மாத்திரையை ஒளித்துவைத்து வேளை தவறுவதும் நடக்கின்றன. இதில் கெடுவது பெண்ணின் உடல்நலமே. வலிப்பு உள்ள பெரும்பாலான பெண்கள் நலமான குழந்தை பெறுகிறார்கள். ஆனால் சோடியம் வால்புரோயேட் என்ற வலிப்பு மருந்து கருவைப் பாதிக்கக்கூடியது. ஆகவே கருத்தரிக்கும் முன்பே மருத்துவரைக் கண்டு மருந்தை மாற்றிக்கொள்வது நல்லது.

முன்னேற்றம்
இரண்டு ஆண்டுகளேனும் வலிப்பு வராதிருந்தால், மருந்தைப் படிப்படியாகக் குறைக்க முடியுமா என்று மருத்துவர் ஆராய்வார். மருந்துக்கு அடங்காத சிலருக்கு அறுவை மருத்துவமும் பலன் தரும்.